அழிறப்பரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு,

போன தவணை ஒரு கட்டுச் செய்முறைக் கொப்பிகள் திருத்துவதற்காக என்னிடம் வந்தன. மீற்றர்ப் பாலச் செய்முறை. ஒரு பிள்ளையின் அட்டவணையில் முதல் வாசிப்பு 41.2 சென்ரிமீற்றர். மின்னோட்டத்தைத் திசைமாற்றி எடுத்த இரண்டாவது வாசிப்பும் 41.2. ஆனால் இரண்டாவது எண்ணுக்கு அடியில் தாள் மெலிந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் 40.7 என்று தெரிந்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன் பிள்ளை அழிச்சனீர்?"

"ரெண்டும் ஒரே மாதிரி வரவேணும் எண்டு சொன்னவை, சேர்."

சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. நானும் அப்படித்தான் படித்தவன். நான் உயர்தரம் படித்த காலத்தில் வன்னிக்குள் உலர்மின்கலம் கொண்டுவரத் தடை இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிப்பார், மற்றவர்கள் டைனமோவில் ஓடும் வானொலியில் செய்தி கேட்பார்கள். காந்தம் சுழன்றால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும் என்பது எங்கள் கைக்கும் காலுக்கும் புத்தகத்துக்கு முன்பே தெரியும். இருந்தும் செய்முறைக் கொப்பி என்று வந்தால் நாங்களும் அழிறப்பரைத்தான் எடுத்தோம்.

திருப்பிப் போட்டு எடுத்த வாசிப்புக்கும் முதல் வாசிப்புக்கும் இடையிலான அந்த 0.5 பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். இப்படிப்பட்ட ஒரு வித்தியாசத்தை அழிக்காமல் வைத்துக்கொண்டதால், நனோமீற்றர் அளவிலான கருவிகளுக்குள் இலத்திரன்கள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று பார்க்க ஒரு வழி கிடைத்தது. அந்தக் கதை உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் அதை விளங்கிக்கொள்ள வேண்டியதெல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஹோலின் விளைவிலிருந்து தொடங்குவோம். 1879இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த எட்வின் ஹோல், மெல்லிய பொற்றகடு ஒன்றின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, தகட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலத்தை வைத்தார். தகட்டின் இரு ஓரங்களுக்கும் இடையே ஒரு சிறிய அழுத்த வேறுபாடு தோன்றியது. காந்தத்தின் வடமுனையையும் தென்முனையையும் இடம்மாற்றினால் அந்த அழுத்த வேறுபாட்டின் குறி மாறும். அதே தகட்டில் மின்னோட்டம் ஓடும் வழியிலுள்ள தடையை அளந்தால், காந்தத்தைத் திருப்பினாலும் அது மாறாது. இணைந்த கணிதம் படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம்: காந்தப்புலத்தைப் பொறுத்தவரை ஹோல் அழுத்தம் ஓர் ஒற்றைச் சார்பு, தடை ஓர் இரட்டைச் சார்பு.

தடை ஏன் இரட்டைச் சார்பாக இருக்கவேண்டும்? பொற்றகடு ஒழுங்கான வடிவம் கொண்டது, அதனால்தான் என்று சிலர் நினைக்கலாம். அப்படியில்லை. நீங்கள் விரும்பியபடி கோணல்மாணலாக ஒரு கம்பியை வளையுங்கள், உள்ளே அழுக்கைப் போடுங்கள், ஒரு பக்கத்தை அகலமாகவும் மறுபக்கத்தை ஒடுக்கமாகவும் செய்யுங்கள். இரண்டே முனைகள் இருக்கும்வரை, சிறிய அழுத்தத்தில் அளக்கும்வரை, காந்தத்தைத் திருப்பினாலும் தடை மாறாது. கம்பியே காந்தப்பொருளாக இருந்தால் மட்டும் அதன் காந்தத்தையும் சேர்த்துத் திருப்பவேண்டும். இதற்கான நிறுவலை நீங்களே ஒரு தாளில் செய்யலாம்.

கருவியின் இடப்பக்கத்திலிருந்து 100 இலத்திரன்கள் உள்ளே வருகின்றன என்று வையுங்கள். 40 வலப்பக்கம் போய்விடுகின்றன, 60 மோதித் திரும்புகின்றன. இரு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் மின்னோட்டம் இருக்கக்கூடாது. ஆகவே அதே காந்தப்புலத்தில் வலப்பக்கத்திலிருந்தும் 40தான் இடப்பக்கம் வரவேண்டும். 41 வந்தால், மின்கலமே இல்லாமல் காந்தத்தை மட்டும் வைத்து நிரந்தரமாக மின்னோட்டம் எடுத்துவிடலாம். அது நடக்காது. இது முதற்படி. இனி, ஓர் இலத்திரன் போன பாதையைப் படமாக எடுத்துப் பின்னோக்கி ஓட்டுங்கள். அதன் வேகம் எதிர்த்திசைக்கு மாறும். அதன்மேல் காந்தம் செலுத்தும் விசை வேகத்தையும் புலத்தையும் பெருக்கி வருவதால், புலத்தையும் சேர்த்துத் திருப்பினால் விசை அப்படியே இருக்கும், இலத்திரன் வந்த வழியே திரும்பிப் போகும். அதாவது இப்போதைய புலத்தில் இடமிருந்து வலம் போகும் நிகழ்தகவும், திருப்பிய புலத்தில் வலமிருந்து இடம் வரும் நிகழ்தகவும் ஒன்று. இது இரண்டாம் படி. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். புலத்தைத் திருப்பினாலும் இடமிருந்து வலம் போவது 40தான்.

இவ்வளவுதான் நிறுவல். இதை முதன்முதலில் விளங்கிக்கொண்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கம்பியின் பொருள் என்ன, வடிவம் என்ன என்று ஒரு சொல்லும் கேட்காமல் விடை வந்துவிடுகிறது.

நோர்வேயில் பிறந்த லார்ஸ் ஒன்சாகர் இந்தச் சிந்தனையின் பொதுவடிவத்தை 1931இல் எழுதினார். அதற்காக 1968இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றார். 1945இல் ஒல்லாந்தரான ஹென்ட்ரிக் கசிமிர் அதை மின்சுற்றுகளுக்கு விரித்தார். பிறகு நாற்பது ஆண்டு அது ஒரு பழைய, கேள்விக்கிடமில்லாத விதியாகக் கிடந்தது.

1980களில் கம்பிகள் சிறுத்தன. உங்கள் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். அதன் நூறிலொரு பங்கு விட்டமுள்ள பொன் வளையங்களை ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் செய்தார்கள். கடுங்குளிரில் இந்த வளையத்துக்குள் இலத்திரன் அலையாகவே நடந்துகொள்கிறது. இரு கைகளாலும் பிரிந்து போய் மறுமுனையில் சேர்ந்து, நீங்கள் ஒளியில் படித்த அதே தலையீட்டைக் காட்டுகிறது. நம் பாடப்புத்தகங்கள் இதைச் 'சொட்டு'ப் பௌதிகவியலின் உலகம் என்கின்றன, தமிழ்நாட்டில் 'குவாண்டம்' என்று எழுதுகிறார்கள். எந்தச் சொல்லால் அழைத்தாலும் சரி. வளையத்துக்குள் செல்லும் காந்தப்பாயத்தைக் கூட்டக்கூட்ட அதன் தடை ஏறியும் இறங்கியும் அலைகிறது என்பதை 1985இல் ரிச்சர்ட் வெப்பும் கூட்டாளிகளும் அளந்து காட்டினார்கள்.

அப்போது ஒரு குழப்பம் வந்தது. நான்கு முனைகள் வைத்து அளந்தபோது, காந்தத்தைத் திருப்பினால் தடை வேறாக வந்தது. ஒன்சாகர் விதி பொய்யா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். 1986இல் மார்க்குஸ் பியூட்டிக்கர் விடை சொன்னார். நான்கு முனைகளில் மின்னோட்ட முனைகளையும் வோல்ற்றுமானி முனைகளையும் ஒன்றுக்கொன்று மாற்றி, அதோடு காந்தத்தையும் திருப்பினால் அதே தடை திரும்பக் கிடைக்கும். அதே ஆண்டில் ஐபிஎம் குழு அதை அளந்து உறுதிசெய்தது. இரண்டே முனை என்றால் பழைய சமச்சீர் அப்படியே நிற்கும். அது எவ்வளவு இறுக்கமானது என்றால், இரண்டு முனை வளையத்தில் தலையீட்டு அலையின் அவத்தை 0 பாகையிலோ 180 பாகையிலோதான் பூட்டப்பட்டிருக்கும், இடையில் எங்கும் நிற்காது. 1995இல் இஸ்ரவேலின் வைஸ்மன் நிறுவனத்தில் அந்தப் பூட்டைக் கண்டார்கள்.

இனித்தான் நான் சொல்லவந்த இடம். மேலே சொன்ன நிறுவலில் ஒரு நிபந்தனை இருந்தது: சிறிய அழுத்தம். அழுத்தத்தைக் கூட்டினால்?

கூட்டினால் ஓமின் விதியின் நேர்கோடு வளையத் தொடங்கும். மின்னோட்டத்தில் அழுத்தத்தின் வர்க்கத்துக்கு விகிதமான ஒரு சிறு பகுதி சேரும். அந்த வர்க்கப் பகுதி காந்தத்தைத் திருப்பும்போது அதே அளவில் இருக்கவேண்டியதில்லை என்று 2004இல் ஜெனீவாவில் டேவிட் சாஞ்சேசும் பியூட்டிக்கரும் எழுதினார்கள். அதே ஆண்டில் போரிஸ் ஸ்பிவாக்கும் அலெக்சாண்டர் சியூசினும் தனியாக அதே முடிவுக்கு வந்தார்கள்.

காரணத்தை இரணைமடுக் குளத்தைப் பார்த்த உங்களுக்கு விளக்குவது எனக்குச் சுலபம். காலபோகத்தில் வாய்க்காலில் மெல்ல ஓடும் தண்ணீர் கரையை மாற்றாது. கரை எப்படியோ அப்படியே தண்ணீர் போகும். 2018 மார்கழியில் குளம் நிரம்பி வான்கதவுகள் திறந்தபோது என்ன நடந்தது என்று உங்கள் வீட்டில் கேளுங்கள். ஓடிய தண்ணீரே மண்ணை அரித்துத் தன் பாதையைத் தானே மாற்றியது. இலத்திரன்களும் அப்படித்தான். சிறிய அழுத்தத்தில் கருவிக்குள் இருக்கும் அழுத்த மேடுபள்ளம் நிலையானது. அழுத்தம் கூடும்போது இலத்திரன்கள் உள்ளே சில இடங்களில் குவிகின்றன. இலத்திரனை இலத்திரன் தள்ளுவதால் அந்தக் குவியல் புதிய மேடொன்றை உண்டாக்குகிறது. பின்னால் வருபவை அந்த மேட்டில் ஏறவேண்டும். இந்தக் குவியலைக் காந்தம் ஓரத்துக்குத் தள்ளுகிறது, ஹோலின் பொற்றகட்டில் போலவே. வடமுனை மேலே என்றால் ஓர் ஓரம், தென்முனை மேலே என்றால் மற்ற ஓரம். இரண்டு ஓரங்களும் ஒன்றுபோல் இல்லாத கருவியில் இரண்டு புலங்களுக்கும் இரண்டு வெவ்வேறு மேடுபள்ளங்கள் கிடைக்கின்றன. படத்தைப் பின்னோக்கி ஓட்டும் நமது நிறுவலுக்கு ஒரே நிலம் வேண்டும். இங்கே நிலமே மாறிவிட்டது.

இதில் இரண்டு விடயங்கள் ஒன்றாக வேண்டும். சமநிலையிலிருந்து கருவியைத் தள்ளவேண்டும், அதோடு இலத்திரன்கள் ஒன்றையொன்று உணரவேண்டும். இலத்திரன்கள் ஒன்றையொன்று கவனிக்காமல் தனித்தனியே போனால், எவ்வளவு தள்ளினாலும் இந்தச் சமச்சீரின்மை வராது. ஆகவே காந்தத்தைத் திருப்பும்போது மிஞ்சும் வித்தியாசம், இலத்திரன்களுக்கிடையேயான தள்ளுகையின் அளவுகோலாகிறது. ஒரு கருவிக்குள் எந்த ஊசியையும் விடாமல், வெளியே இரண்டு முனைகளில் அளந்தே அதை அறியலாம்.

பரிசோதனைகள் தாமதிக்கவில்லை. 2005இல் சியாற்றிலில் டேவிட் கொப்டனின் குழு காபன் நனோக்குழாய்களில் இந்தச் சமச்சீரின்மையை அளந்தது. 2006இல் ஹார்வார்டில் சார்ள்ஸ் மார்க்கஸின் ஆய்வுகூடத்தில், கலியம் ஆசனைட்டில் செய்த சொட்டுப் புள்ளிகளில் (இலத்திரன்களை அடைத்துவைக்கும் மிகச் சிறு இடங்களில்) டொமினிக் சும்பியூலும் மற்றவர்களும் அளந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதே ஆண்டு சூரிச்சில் கிளாவுஸ் என்ஸ்லினின் குழு ஒரு வளையத்தில் செய்தது. அழுத்தத்தின் குறியை மாற்றினாலும் மாறாத கடத்துமைப் பகுதி காந்தத்தைத் திருப்பினாலும் மாறவில்லை. அழுத்தத்தோடு குறி மாறும் பகுதிதான் சமச்சீரை இழந்தது. வளையத்தின் கைகளுக்குப் பக்கத்திலுள்ள சிறு மின்வாய்களின் அழுத்தத்தை மாற்றியபோது அந்தச் சமச்சீரின்மையும் தொடர்ச்சியாக மாறியது. 1995இல் பூட்டியிருந்த அவத்தை இங்கே நகர்ந்துவிட்டது.

இந்த அளவீட்டில் அவர்கள் செய்தது என்ன தெரியுமா? நேர்ப்புலத்தில் ஒரு வாசிப்பு, மறைப்புலத்தில் ஒரு வாசிப்பு. கூட்டிப் பாதியாக்கினால் இரட்டைப் பகுதி, கழித்துப் பாதியாக்கினால் ஒற்றைப் பகுதி. நீங்கள் சராசரி எடுக்கும்போது செய்வது முதல் வேலை மட்டும். இரண்டாவது வேலையின் விடையைத்தான் அழிறப்பர் தின்றுவிடுகிறது.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். எல்லா வித்தியாசமும் கண்டுபிடிப்பு ஆகாது. அந்தப் பிள்ளையின் 0.5, இரு உலோகங்கள் சேரும் முனைகள் சூடானதால் வந்த வெப்பமின்னியக்க விசையாக இருக்கலாம், தொடுசாவி சரியாகப் படாததாக இருக்கலாம். நனோக் கருவிகளிலும் இதே தொல்லைகள் உண்டு. மின்காந்தத்தின் இரும்பு பழைய காந்தத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருக்கும். கருவி சூடாகும். ஆகவே ஆய்வாளர்கள் ஒரு வித்தியாசத்தைக் கண்டவுடன் அதைச் சோதிக்கிறார்கள். அழுத்தத்தைப் பாதியாக்கினால் மின்னோட்டத்திலுள்ள வித்தியாசம் காற்பங்காக வேண்டும், ஏனென்றால் அது வர்க்கத்தைச் சார்ந்தது. அழுத்தத்தை இன்னும் குறைத்தால் அது கடத்துமையிலிருந்து மறையவேண்டும், ஏனென்றால் அங்கே ஒன்சாகர் விதி ஆட்சி செய்கிறது. மறையாவிட்டால் பிழை உங்கள் அமைப்பில். விதியை நம்புவதால்தான் விதிமீறலை நம்பமுடிகிறது.

இந்த வித்தியாசத்துக்கு வேறு வாசல்களும் உண்டு. 2001இல் கீர்ட் ரிக்கனும் கூட்டாளிகளும் பிஸ்மத் கம்பியை வலம்புரியாகவும் இடம்புரியாகவும் முறுக்கி அளந்தார்கள். மின்னோட்டத்தையும் காந்தத்தையும் பெருக்கி வரும் ஒரு சிறு தடைப்பகுதி தெரிந்தது. வலம்புரியில் அது கூட்டினால் இடம்புரியில் குறைத்தது. 2020இல் ஜப்பானின் கியோத்தோவில் நியோபியம், வனேடியம், தந்தாலம் ஆகியவற்றின் மெல்லிய படலங்களை அடுக்கி, ஒரு திசையில் தடையே இல்லாமலும் மறுதிசையில் தடையோடும் மின்னோட்டம் போகும் மீகடத்தியைச் செய்தார்கள். காந்தத்தைத் திருப்பினால் அந்தத் திசையும் திரும்பியது.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை, சேர்" என்று ஒரு பிள்ளை என்னிடம் சொன்னதுண்டு. அந்தப் பிள்ளைக்காக ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 1898இல் தமிழ்நாட்டின் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், மதுரையிலும் சென்னையிலும் படித்து, 1928இல் ராமனோடு சேர்ந்து ராமன் விளைவுக்கான பரிசோதனைகளைச் செய்தவர். அதன்பின் டாக்காவிலும் கல்கத்தாவிலும் பல ஆண்டுகள் அவர் செய்தது காந்த அளவீடு. மெல்லிய நூலில் ஒரு பளிங்கைத் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எவ்வளவு திரும்புகிறது என்று அளப்பார். பளிங்கின் ஒரு திசையில் ஒரு காந்த இயல்பு, இன்னொரு திசையில் வேறொன்று. 1941இல் கங்கூலி என்பவரோடு சேர்ந்து காரீயத்தின் (கிரபைற்றின்) இலத்திரன்களைப் பற்றி எழுதினார். அவர் அளந்தது திசைக்குத் திசை மாறும் வித்தியாசம். நான் மேலே எழுதியது முனையைத் திருப்பினால் வரும் வித்தியாசம். இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ளவேண்டாம். ஆனால் அவருடைய கருவி ஒரு நூலும் ஒரு காந்தமும் மிகுந்த பொறுமையும்தான். அந்தக் காரீயம் நம் தீவின் போகலையிலும் கஹட்டகஹவிலும் உலகின் மிகத் தூய நிலையில் வெட்டி எடுக்கப்படுகிறது. அதன் ஓர் அணுத் தடிப்புள்ள படலத்தை 2004இல் மான்செஸ்ரரில் ஒட்டுநாடாவால் உரித்தெடுத்தவர்களுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆய்வுகூடத்தில் உபகரணம் போதாது என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் கையில் ஒரு கருவி இருக்கிறது. பல கைபேசிகளின் திசைகாட்டிக்குள் ஹோலின் விளைவில் இயங்கும் உணரி ஒன்று உண்டு. காந்தப்புலத்தை மூன்று அச்சுகளிலும் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு, இரும்பில்லாத மேசையில் கைபேசியைக் கிடையாக வையுங்கள். முதலில் நிலைக்குத்துக் கூறைப் பாருங்கள். அது மிகச் சிறிதாக இருக்கும், ஏனென்றால் காந்த நடுக்கோடு நமக்குப் பக்கத்தில்தான் போகிறது. வன்னியில் புவிக்காந்தம் ஏறத்தாழக் கிடையாகவே படுத்திருக்கிறது. தமிழ்நாட்டின் திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வுநிலையம் வைத்திருப்பதும் இந்தக் கோட்டின் அருகாமைக்காகத்தான். பிறகு கைபேசியின் நீள அச்சை வடக்கே வைத்து ஒரு வாசிப்பு எடுங்கள். 40 மைக்ரோரெஸ்லாவுக்கு அருகே வரும். அப்படியே 180 பாகை திருப்பித் தெற்கே வைத்து இன்னொன்று. குறி மாறவேண்டும், அளவு மாறக்கூடாது. ஆனால் கொஞ்சம் மாறும். இரண்டையும் குறியோடு கூட்டிப் பாதியாக்குங்கள். மிஞ்சுவது கைபேசியின் ஒலிபெருக்கிக் காந்தமும் உணரியின் சொந்தக் குறையும். கைபேசி தன்னைத்தானே திருத்திக்கொள்வதால் அது சிறிதாயிருக்கலாம், ஆனாலும் இருக்கும். இங்கே கூட்டினால் கருவியின் குறை, கழித்தால் புவியின் புலம். எந்தப் பகுதி எதைச் சொல்கிறது என்று ஒவ்வொரு முறையும் யோசித்தே ஆகவேண்டும்.

2009இல் செட்டிகுளம் முகாம்களுக்குள் இருந்தே உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் இந்த மாவட்டங்களின் பிள்ளைகள். அன்று கிளிநொச்சியில் பொறியியல் பீடம் இல்லை. 2014இலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அறிவியல் நகரில் இருக்கிறது. 2021 ஆவணி 1இலிருந்து வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்திலேயே மேலே படிக்கமுடியும். மருத்துவமும் பொறியியலும் கிடைக்காதவர்கள் போகும் இடம் என்று பௌதிகவியலை எண்ணாதீர்கள். உங்களில் நாலைந்து பேராவது விரும்பியே அதைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பது என் ஆசை.

அதற்கு முன், அடுத்த கிழமைச் செய்முறைக்கு ஒரு வேண்டுகோள். அட்டவணையில் ஒரு நிரலைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு 'வித்தியாசம்' என்று பெயரிடுங்கள். நேராக எடுத்த வாசிப்பையும் திருப்பி எடுத்த வாசிப்பையும் பேனையால் எழுதுங்கள், பென்சிலால் வேண்டாம். வித்தியாசத்துக்குக் காரணம் தெரிந்தால் பக்கத்தில் எழுதுங்கள். தெரியாவிட்டால் ஒரு கேள்விக்குறி போட்டு உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் கோபித்தால் இந்த மடலையும் சேர்த்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன் இதே செய்முறையைச் செய்து, இதே எண்ணை அழித்த ஓர் ஆசிரியன்